அடுத்த வீட்டுத் தோட்டத்தையும் பார்த்து வருவோம்

மாரி மழை ஓய்ந்து, காலபோக நெல்லும் வீடு வந்து, கிணற்றில் இன்னும் தண்ணீர் நிற்கும் மாதம் பங்குனி. வேம்பு பூக்கிறது, முருங்கை காய்த்துத் தொங்குகிறது. ஒரு குடும்பத்தின் உழைப்பைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

இங்கிலாந்தில் 1927இல், ஊர்த் தாதியர் சேவைக்குப் பணம் சேர்ப்பதற்காகத் தனியார் தங்கள் தோட்டங்களைத் திறந்துவிட்டார்கள். தலைக்கு ஒரு சில்லிங் கட்டணம். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அங்கே பூக்களைப் பார்க்கப் போகிறார்கள். நாம் கத்தரியையும் பயிற்றையையும் பார்க்கப் போகலாமே என்ற எண்ணத்தில், தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், பதினைந்து பேர் சைக்கிளில் புறப்பட்டோம்.

முதலில் சென்ற வீடு, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஓர் அம்மாவுடையது. இரவற் காணி, இரண்டு பரப்பு. குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வல்லாரைக்குப் போகிறது. வேலியில் நிற்கும் கிளிசரியாவின் குழை ஆட்டுக்கும் உணவு, பாத்திக்கும் பசளை. பூவரசம் இலையும் சாணமும் குழியில் மக்கிக் கிடக்கின்றன. எங்களோடு வந்த இளம் குடும்பத்தவர்கள், எந்தக் கருத்தரங்கிலும் கேளாத கேள்விகளை அங்கே கேட்டார்கள்.

ஆனால் அந்த வளவில் ஒரு தென்னைகூட இல்லை. காரணம் கேட்டேன். “தென்னை வைச்சா இனி ஊருக்குப் போகமாட்டம் எண்டு மனம் சொல்லுது, சுவாமி” என்றார். நல்ல தென்னம்பிள்ளை ஆறேழு வருடத்தில் காய்க்கும். அடுத்த வருடம் போய்விடுவோம் என்று காத்திருந்த முப்பது வருடத்துக்கும் மேலான காலத்தில் அவருடைய பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். தேங்காயோ இன்றும் கடையில்தான்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். மரம் நடுவது ஊரை மறப்பது ஆகாது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள் என்று சொன்ன அதே கடிதம், நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்றும் வாக்களிக்கிறது. நடுவதும் திரும்பும் நம்பிக்கையும் அங்கே ஒன்றையொன்று அழிக்கவில்லை. சொந்தக் காணியைக் கேட்கும் உரிமை, இங்கே ஒரு தென்னை நட்டதனால் ஒரு அங்குலமும் குறைந்துவிடாது.

காணிச் சொந்தக்காரரின் பயத்தையும் நான் அறிவேன். பத்து வருடம் இருந்தால் ஆட்சியுரிமை கோருவார்களோ என்று அஞ்சுகிறார்கள். ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு, அந்த அனுமதி நிலைக்கும்வரை, அப்படியான உரிமை பிறப்பதில்லை. எனவே அனுமதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நட்ட மரத்தின் பலன் யாருக்கு, போகும்போது என்ன ஈடு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த ஒரு தாள் இரு பக்கத்தாரையும் காக்கும்.

அடுத்துச் சென்றது கோவிற் காணியில் பன்னிரண்டு குடும்பங்கள் செய்யும் பொதுத் தோட்டம். இது முதல் வருடம் படுதோல்வி. பிழை எங்களுடையது. கிணறு ஒன்று, இறைப்பு முறை வைக்கவில்லை. கிணற்றடிப் பாத்திகள் செழித்தன, கடைசிப் பாத்திகள் கருகின, மனங்களும் கருகின. நாங்கள் கொடுத்த விதையும் கலப்பின விதை. அடுத்த போகத்துக்கு அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல முளைக்கவில்லை. பிறகு அவர்களே கூடி நாள்முறை வைத்தார்கள். நாட்டுக் கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் தேடி எடுத்தார்கள். இப்போது விதைக்கென்றே இரண்டு பாத்திகளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது கமக்காரர் தவித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வீட்டுத் தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கப்பட்டது. விடுமுறையைக் கொடுத்தார்கள், காணியில்லாதவனுக்குக் காணியை யார் கொடுத்தார்? அந்தக் கேள்வியை நாம் விடாமல் கேட்கவேண்டும். கேட்டுக்கொண்டே, கையில் இருக்கும் இரண்டு பரப்பையும் பச்சையாக்க வேண்டும்.

ஆகவே வரும் பங்குனியில் ஒவ்வொரு கிராமத்திலும் இப்படி ஒரு நாளை ஒதுக்குங்கள். பரிசு வேண்டாம், பரிசு வந்தால் போட்டி வரும், தோற்ற பாத்தியை மறைப்பார்கள். தோற்ற பாத்தியையே முதலில் காட்டச் சொல்லுங்கள். போகிறவர்கள் ஒரு பிடி விதை கொண்டுபோகட்டும். வீட்டுக்காரர் ஒரு பிடி கொடுத்து அனுப்பட்டும். பக்கத்து ஊர் சைவக் குடும்பங்களையும் முஸ்லிம் குடும்பங்களையும் அழையுங்கள். கத்தரிக்குப் பூச்சி பிடிப்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் மகதலா மரியா ஆண்டவரைக் கண்டும் தோட்டக்காரர் என்றே எண்ணினாள். அது அவ்வளவு பெரிய பிழையில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பும்போது, அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார்: “நல்ல தென்னம்பிள்ளை எங்கே எடுக்கலாம், சுவாமி?”