மைக் பிடித்தவரின் ஞானம்

'இதெல்லாம் மனுஷ ஞானத்துக்கு எட்டாதுங்க. தேவ ஞானம் வேற!'

கூட்டத்தில் யாராவது எழுந்து நியாயமான கேள்வி ஒன்று கேட்டுவிட்டால் போதும், மேடையிலிருந்து இந்தப் பதில் வந்து விழும். கேட்டவர் கப்சிப். ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல உட்கார்ந்துவிடுவார். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம்.

சரி, அந்தக் கடிதத்தை முழுசாகத்தான் படித்துப் பாருங்களேன்.

கி.பி. 55 வாக்கில் எழுதியது. கொரிந்து, காசு புழங்கிய வியாபார நகரம். சபைக்குள் கோஷ்டிச் சண்டை. நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள், நான் கேபா ஆள் என்று ஆளுக்கொரு கட்சி. என் தலைவர்தான் பெரியவர் என்று ஜம்பம். பவுல் சாடியது அந்த ஜம்பத்தை. கேள்வி கேட்டவர்களை அல்ல. உங்களில் மேதாவிகளும் பெரிய வீட்டுக்காரர்களும் அதிகம் இல்லையே, ஆனாலும் கடவுள் உங்களைத்தானே தேர்ந்தெடுத்தார் என்று எளிய ஜனங்களுக்குத் தெம்பு சொல்கிறார். சிலுவையில் அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரிடம் கடவுளின் வல்லமையைக் காண்பதுதான் அவர் சொன்ன தேவ ஞானம்.

ஆக, அது கீழே உட்கார்ந்திருந்தவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்ட கடிதம். இன்றைக்கு மேடையில் மைக் பிடித்தவர் அதையே எடுத்து, கீழே இருப்பவர் வாயில் துணியாக அடைக்கிறார். என்ன கொடுமை பாருங்கள்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. எது தேவ ஞானம் என்று தீர்ப்புச் சொல்வது யார்? மனுஷன்தானே! 1633-ல் ரோமில் கலிலியோவைத் தண்டித்தவர்கள், வேதத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். கூடவே அவர்கள் காப்பாற்றியது அரிஸ்டாட்டிலும் தாலமியும் போட்டு வைத்திருந்த வான சாஸ்திரத்தை. கிரேக்க மனுஷ ஞானத்துக்குப் போய் தெய்வ முத்திரை! தப்பு நடந்துவிட்டது என்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டபோது வருஷம் 1992.

நேர் எதிராக ஒருவர். பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமெய்த்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர். 'பிக் பேங்' கொள்கைக்கு வித்திட்டவர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த விஞ்ஞானத்தைப் படைப்புக்குச் சாட்சியாக்கிப் பேசினார். பாதிரியார் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அவருக்கு அது பிடிக்கவில்லை. என் கணக்கு வேறு, மத நம்பிக்கை வேறு என்பதில் உறுதியாக இருந்தார். நியாயம்தானே? கணக்கு நாளைக்குத் திருத்தப்படலாம். கடவுளை அதில் கட்டித் தொங்கவிட்டால் அவர் கதி என்ன?

இது ஏதோ வானத்து விவகாரம் என்று நினைக்காதீர்கள். 'சுகம் கிடைச்சாச்சு, மாத்திரையை நிறுத்து' என்று சொல்கிற ஆளும் தேவ ஞானத்தின் பேரில்தான் சொல்கிறார். சர்க்கரை நோயாளி ஒருவர் அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், போவது சொன்னவரின் உயிர் அல்ல. பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்காவை பைபிளே வைத்தியர் என்றுதான் குறிப்பிடுகிறது. பவுல் அவரைத் தொழிலை விடச் சொன்னதாக எங்கேயும் இல்லை.

எனவே, அடுத்த முறை உங்களை யாராவது உட்காரச் சொன்னால், உட்காராதீர்கள். 'ஐயா, இது கடவுள் சொன்னதா, நீங்கள் சொல்வதா?' என்று மரியாதையாகவே கேளுங்கள். ஜெபமும் பண்ணுங்கள். மாத்திரையையும் போடுங்கள்.