பிறந்த குழந்தை செய்த குற்றம் என்ன?

பசுவை வாங்கினவன் கன்றுக்குத் தனிக் கிரயம் கொடுப்பதில்லை. அதுபோலவே தாயோ தகப்பனோ ஒரு நாட்டின் பிரஜையாகி விட்டால் அவர்கள் பெற்ற குழந்தையும் கூடவே பிரஜையாகிவிடும் என்றுதான் நமது ஜனங்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சட்டப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 1955-ம் வருஷத்து இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி அந்நிய நாட்டார் ஒருவர் மனுப்போட்டுப் பிரஜையானாலும், அவருடைய மைனர் குழந்தை தானாகப் பிரஜையாவதில்லை. அதற்கென்று வேறொரு மனுப்போட்டுப் பதிவு செய்தாக வேண்டும். அமெரிக்காவிலோ 2000-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, நிரந்தர வாச உரிமையோடு பெற்றோரிடம் வளரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, அவர்களில் ஒருவர் பிரஜையான உடனே தானும் பிரஜையாகிவிடும் என்று வைத்துவிட்டார்கள்.

இது கப்பலேறிச் சீமைக்குப் போகிறவர்களின் கவலை, நமக்கென்ன என்று ஏழாயிரம்பண்ணையிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தோழர்கள் நினைத்துவிட வேண்டாம். நமது ஜில்லாவிலேயே கண்டியாபுரத்திலும், ஆனைக்குட்டத்திலும், குல்லூர்சந்தையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் அவற்றில் இருந்தவர்கள் ஏறக்குறைய 58,000 பேர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு தோணியேறி வந்தவர்களும், அவர்கள் இங்கே பெற்ற பிள்ளைகளும், அப்பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளுமே இவர்கள். நம்மோடு கூலி வேலை செய்கிறார்கள், நம் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பிள்ளைகளை நம் பள்ளிக்கூடத்திற்கே அனுப்புகிறார்கள்.

இவர்களில் ஒரு பகுதியார் யாரென்று பார்த்தால், ஒரு காலத்தில் இதே கரிசல் சீமையில் மழையின்றிப் பஞ்சத்தில் கிடந்து, கங்காணி பேச்சை நம்பிக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததியே ஆகும். அங்கே நடந்ததையும் சற்றுப் பார்ப்போம். 1948-ல் இலங்கை சர்க்கார் செய்த சட்டம், ஒருவன் இலங்கையில் பிறந்தவனாயிருந்தால் மட்டும் போதாது, அவன் தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த கூலிக்காரன் பாட்டனுடைய பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவான்? அன்றியும், தாய் அங்கே பிறந்தவளா என்று அச்சட்டம் கேட்கவே இல்லை. பத்து மாதம் சுமந்தவள் கணக்கில் சேர்த்தியில்லை!

பிறகு 1964-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் உட்கார்ந்து 9,75,000 ஜனங்களைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதியையும் 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகமும் உண்டு. அதாவது இந்தத் தொகையோடு அவர்களுடைய "இயற்கைப் பெருக்கமும்" சேரும் என்பதாகும். இயற்கைப் பெருக்கம் என்றால் பிள்ளைகள். லேவாதேவிக்காரன் நோட்டில் அசலும் வட்டியும் எழுதுகிற மாதிரி தாய் தகப்பன் அசல், குழந்தை வட்டி என்று எழுதிக்கொண்டார்கள். நீ எந்த நாட்டில் இருக்க விரும்புகிறாய் என்று அந்த வட்டியை யாரும் கேட்கவில்லை.

நிற்க, நம் சட்டத்தின் யோக்கியதைக்கு வருவோம். முகாமில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மூத்த பெண் 1985-ல் இங்கே பிறந்தவள். அவள் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. ஏனென்றால் 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தால் போதும். அவள் தம்பி அதே முகாமில், அதே தாய் வயிற்றில் 1989-ல் பிறந்தான். அவன் பிரஜையல்ல, ஏனென்றால் அதற்குள் சட்டத்தைத் திருத்தி, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்கவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இனி அந்த மூத்த பெண், கைக்குழந்தையாய்த் தோணியில் தூக்கி வரப்பட்ட ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு 2007-ல் ஒரு குழந்தை பெறுகிறாள். தாய் பிரஜையாயிற்றே, குழந்தையும் பிரஜைதானே என்றால், அதுவும் இல்லை! 2004 டிசம்பர் 3-ந் தேதி முதல், ஒருவர் பிரஜையாயிருந்தாலும் மற்றவர் "சட்ட விரோதக் குடியேறி"யாய் இருந்தால் குழந்தைக்கு உரிமையில்லை. ஏழாயிரம்பண்ணையில் தலைமுறை தலைமுறையாய் ஓட்டுப் போடுகிற குடும்பத்துப் பெண் அப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டு பெற்றாலும் கதை இதுதான். 1948-ல் இலங்கைச் சட்டம் தாயைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றோமே, இங்கே தாய் கணக்கில் இருந்தும் பயனில்லை.

சட்ட விரோதக் குடியேறி என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த அந்நியன் என்று சட்டம் அர்த்தம் சொல்லுகிறது. அப்படியானால் இங்கேயே பிறந்த பையனை எப்படி அந்தக் கணக்கில் வைத்து நடத்துகிறார்கள்? அவன் எந்த வாசல் வழியாக நுழைந்தான்? தாய் வயிற்றிலிருந்து வரும்போதே கையில் பாஸ்போர்ட்டோடு வந்திருக்க வேண்டுமா?

இன்ன வயிற்றில் பிறந்தவன் மேல், இன்ன வயிற்றில் பிறந்தவன் கீழ் என்று மனு எழுதி வைத்ததை நாம் ஏன் எதிர்க்கிறோம்? பிறந்தவன் தான் செய்யாத காரியத்திற்குத் தண்டனை அடைகிறான் என்பதால்தானே? கடலில் உயிருக்குத் தப்பி வந்த தகப்பனுடைய "குற்றத்தை" மகன் தலையிலும் பேரன் தலையிலும் ஏற்றுவது அதே வருணாசிரமத்திற்கு வேறு சட்டை போட்டதல்லாமல் வேறென்ன? முகாமிலுள்ள சில பெரியவர்களைக் கேட்டால் "எல்லாம் எங்கள் தலையெழுத்து" என்கிறார்கள். பிரம்மா எழுதிய எழுத்தாயிருந்தால் 1986-ல் ஒருதரமும், 2003-ல் ஒருதரமும், 2019-ல் ஒருதரமும் டெல்லியில் உட்கார்ந்து திருத்தியிருக்க முடியுமா? இது மனிதன் எழுதினது. கை தூக்கி ஓட்டெடுத்து எழுதினது.

அந்த 2019-ம் வருஷத்துத் திருத்தமோ வெகு வேடிக்கை. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-ந் தேதிக்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோர் சட்ட விரோதக் குடியேறிகள் அல்லவாம். முஸ்லிமுக்கு இடமில்லை. இலங்கைக்கே இடமில்லை. இந்துக்களுக்கு நாங்களே பாதுகாப்பு என்று சதா கத்துகிறவர்களின் கண்ணுக்கு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு முகாமில் இருக்கும் தமிழன் தென்படவில்லை. அவனையும் இந்து என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவது நமது அபிப்பிராயமல்ல. குடியுரிமைக் கச்சேரியில் விபூதிக்கும் சிலுவைக்கும் குல்லாவுக்கும் என்ன வேலை என்பதுதான் நமது கேள்வி. 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து 2025-ல் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்று சொல்வது வேறு, நீ இந்நாட்டுக் குடிமகன் என்று சொல்வது வேறு.

மனம் இருந்தால் செய்யமுடியாத காரியமல்ல இது. அத்தனை கொடுமை செய்த இலங்கையிலேயே 2003-ல் ஒரு சட்டம் செய்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே குடியிருந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜா உரிமை கொடுத்தார்கள். இங்கேயும் முதலாவது, பெற்றோரில் ஒருவர் இந்தியராயுள்ள குழந்தைகளையும், அடுத்தபடியாக முகாமில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும், பெற்றோர் எப்படி வந்தார்கள் என்று பாராமல் பதிவு செய்யச் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இதைத் தீர்மானமாகப் போட்டுத் தங்கள் பார்லிமெண்ட் மெம்பருக்கு அனுப்பவேண்டும்.

அதுவரையில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் இன்றைக்கே பிரஜைகள். அப்படி 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி மதுரை ஹைகோர்ட் கிளை 2022-ல் உத்தரவு போட்டது. அவர் 2024 பார்லிமெண்ட் தேர்தலில் ஓட்டும் போட்டார். ஆகவே எழுத்துத் தெரிந்த நமது தோழர்கள் பக்கத்து முகாமுக்குப் போய், அந்த வருஷங்களில் பிறந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, பிறப்புச் சீட்டு இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.