கடல் மாதிரி வீடு... கடல் காற்றுக்குத் தாங்குமா?

வீட்டு உள் அலங்காரத்தில் 'கடல் பாணி' என்று ஒன்று இருக்கிறது. அலை நீலத்தில் மின்னும் லேக்கர் அலமாரிக் கதவு, மீன் செதில் போல வெட்டிய பித்தளைத் தகடு, ஓரமெல்லாம் எஃகுப் பட்டை. படத்தில் பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதையே தொண்டியில் ஒரு வீட்டில் செய்தால்...?

திருவாடானை வட்டத்தின் கடற்கரை ஊர் தொண்டி. அங்கே வீசும் காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு, சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். பித்தளை மேல் பூசிய லேக்கரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அடியில் களிம்பு படரும். எம்.டி.எஃப். பலகையின் ஓரத்தில் ஈரம் ஏறினால் பலகை உப்பி, மேல் பூச்சு உரியும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: தேய்மானம். கொட்டேஷனில் சதுர அடி விலை இருக்கும், தேய்மானம் இருக்காது. வெளிநாட்டில் வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுபவருக்கு இது சின்ன விஷயமா?

அப்படியானால் பளபளப்பே கூடாதா? தாராளமாக இருக்கலாம். திருவாடானைக்கு வடக்கே தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் இன்றும் வழவழப்பாக இருக்கிறது. பர்மாவில் தொழில் செய்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த அரக்குச் சாமான்களும் அந்த வீடுகளில் உண்டு. மூங்கில் பின்னலின் மேல் ஒருவகை மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிச் செய்பவை அவை. அந்தப் பால் இறுகுவதற்கே காற்றில் ஈரம் வேண்டும்! பூச்சில்லாத பித்தளை விளக்கு கறுத்தால் புளி போட்டுத் தேய்த்தால் போதும்.

செட்டிநாடு கடலை விட்டுத் தள்ளி இருக்கிறது, உப்புக் காற்றின் வேகம் அங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மங்கினால் வீட்டுக்காரரே துலக்கவோ, உள்ளூர்க் கொத்தனார் மறுபடி பூசவோ முடிகிற பொருளைத் தேர்ந்தெடுப்பது.

கடலோரத்தில் வீடு கட்டுபவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். எஃகு 304-ஆ, உப்பை அதைவிட நன்றாகத் தாங்கும் 316-ஆ? பித்தளை முழுப் பித்தளையா, வெறும் முலாமா? கதவுக்குள் இருப்பது எம்.டி.எஃப்.-ஆ, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டா? பதில் வந்த பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.