சுட்டவர் பெயர் மட்டும் போதுமா?

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 1914 அக்டோபர் 5 என்று கரும்பலகையில் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. அன்று ரேன்ஸ் நகருக்கு அருகே ஜோசப் ஃபிரான்ட்ஸ் என்ற விமானியும் லூயி கெனோ என்ற மெக்கானிக்கும் ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். வானத்தில் ஒரு விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்திய முதல் சம்பவம். நாங்கள் கைதட்டினோம். விழுந்தது என்ன விமானம் என்று யாரும் கேட்கவில்லை.

அது ஆவியாட்டிக் என்ற இரண்டடுக்கு இறக்கை வேவு விமானம். ஜெர்மானியர் 'பி' வகை என்று பிரித்து வைத்திருந்த இனம். இயந்திரத் துப்பாக்கி கிடையாது. முன் இருக்கையில் பார்வையாளர், பின்னால் விமானி. வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர்தான்.

இன்றும் முதல் உலகப்போர் விமானம் என்றால் 80 விமானங்களை வீழ்த்திய ரிக்தோஃபனின் சிவப்பு விமானத்தைத்தான் காட்டுகிறார்கள். "ஆயுதமே இல்லாதது என்ன போர் விமானம்?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

1914 ஆகஸ்டில் டானன்பர்க்கில் ரஷ்யப் படை எந்தச் சாலையில் வருகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொன்னவர்கள் யார்? ரஷ்யரின் கம்பியில்லாத் தந்தியை ஒட்டுக்கேட்டதும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்து உறுதி செய்தது இந்த நிராயுதபாணி விமானங்கள். அடுத்த மாதமே ஜெர்மன் படை பாரிஸுக்குக் கிழக்கே திரும்புவதைப் பிரெஞ்சு வேவு விமானிகள் கண்டு சொன்னார்கள். மார்ன் போர் பிறந்தது. இரண்டு இடத்திலும் போரின் போக்கை மாற்றியது பார்வை, துப்பாக்கி அல்ல.

1915-இல் ஆயுதம் தாங்கிய 'சி' வகை வந்தது. பார்வையாளர் துப்பாக்கியோடு பின் இருக்கைக்குப் போனார். அல்பட்ராஸ் பி.2 போன்ற பழைய விமானங்கள் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போய், புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தன. அந்த ரிக்தோஃபனே 1915-இல் பார்வையாளராகத்தான் வானத்துக்கு வந்தார்!

கோப்பைப் படித்துக் குறிப்பு எழுதுபவன் ஒருவன், கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்குபவர் இன்னொருவர். குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல.

ரேன்ஸ் அருகே அன்று இறந்தவர்கள் விமானி ஷ்லிக்டிங், பார்வையாளர் ஃபான் சாங்கன். இந்த இரண்டு பெயர்களையும் வாத்தியார் அந்தக் கரும்பலகையிலேயே எழுதியிருக்க வேண்டும்.