பழுது எங்கே?

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கணினியைத் திருத்தி இயக்குவதால் யாருக்கு என்ன பயன்? இன்று எமது வீடுகளில் இருக்கும் மிகச் சாதாரண கைபேசிகூட அந்தக் கணினியைவிடப் பல மடங்கு வேகமானது. பழைய வீட்டுக் கணினிகளைச் சேகரித்துத் திருத்துவோரைப் பற்றி நான் பேசத் தொடங்கினாலே என் தோழிகள் கேட்கும் முதற் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழுதை ஒழுங்காகத் தேடும் பழக்கத்தை அந்த இயந்திரங்கள் கற்றுத் தருகின்றன. அந்தப் பழக்கம் மாணவிகளாகிய எமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அது எமக்குக் கிடைப்பதேயில்லை.

வீட்டுக்கென்று கணினி வாங்கும் வழக்கம் மேலை நாடுகளில் பரவியது 1980களின் தொடக்கத்தில்தான். இங்கிலாந்தில் 1981 டிசெம்பரில் பிபிசி மைக்ரோ வந்தது. 1982 ஏப்ரலில் சின்கிளேயர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் கொமடோர் 64 விற்பனைக்கு வந்தது. 16 கிலோபைற் நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரமின் விலை 125 பவுண். 48 கிலோபைற் கொண்டது 175 பவுண். அதற்கெனத் தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பொருத்த வேண்டும். பாட்டுக் கேட்கும் கசற்றிலிருந்துதான் நிரலை ஏற்ற வேண்டும். அன்று இந்தக் கணினியின் முன் அமர்ந்து நிரல் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதாகிறது. பரணிலும் பழைய பொருட் சந்தையிலும் கிடக்கும் அந்த இயந்திரங்களைத் தேடியெடுத்து அவர்கள் மீண்டும் உயிர் கொடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இளையோரும் சேர்ந்திருக்கிறார்கள்.

என் தாய்மாமா இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறார். அவருக்கும் இந்த ஆர்வம் உண்டு. விடுமுறை நாட்களில் கைபேசியை மேசைக்கு மேலே நிறுத்தி வைத்துவிட்டு அவர் வேலை செய்வார். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவரிடம் நான் கற்ற முதல் பாடம், பழைய கணினி கையில் கிடைத்ததும் அதற்கு மின்சாரம் கொடுக்கக்கூடாது என்பது.

இதற்குக் காரணம் இருக்கிறது. கொமடோர் 64 உடன் வந்த மின்வழங்கி பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட ஒரு கனமான பெட்டி. அதனுள்ளே 5 வோல்ற்றைச் சீராக வைத்திருக்கும் பகுதி காலப்போக்கில் பழுதாகும்போது வோல்ற்றளவு குறைவதில்லை, கூடுகிறது. கூடிய வோல்ற்றளவு நேரே நினைவகச் சிப்புகளுக்குப் போய் அவற்றைச் சுட்டுவிடும். முப்பது வருடம் பரணில் நலமாகக் கிடந்த கணினியை, ஆசையோடு ஆளியைப் போட்டவரே ஒரு நொடியில் கொன்றுவிடலாம். பிபிசி மைக்ரோவிலும் இப்படி ஒன்று உண்டு. அதன் மின்வழங்கியிலுள்ள சில கொள்ளளவிகளின் மேலுறை வயதினால் வெடித்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் கொடுத்த சிறிது நேரத்தில் அறையெல்லாம் புகை. ஆகவே முதலில் கண்ணால் பார், பிறகு மூக்கால் மணந்து பார், பிறகு பல்மானியால் அள, கடைசியில்தான் ஆளி என்று மாமா சொல்வார்.

இரண்டாவது பாடம் இதைவிட ஆழமானது. ஸ்பெக்ட்ரமின் நினைவகத்தின் முதல் 16 கிலோபைற் எட்டுச் சிப்புகளால் ஆனது. அந்தச் சிப்புகளுக்கு மூன்று வெவ்வேறு வோல்ற்றளவுகள் தேவை: +5, +12, −5. வெளியிலிருந்து வருவது ஏறத்தாழ 9 வோல்ற் மட்டுமே. இவற்றில் +12, −5 ஆகியவற்றைக் கணினியினுள்ளே ஒரு சிறு திரான்சிற்றரும் ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்து உண்டாக்குகின்றன. அந்தத் திரான்சிற்றர் பழுதாகி −5 வோல்ற் இல்லாமற் போனால் நினைவகச் சிப்புகள் சேதமடையும். திரையில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்களும் கோடுகளும் தெரியும்.

அவசரக்காரர் என்ன செய்வார்? சிப் பழுது என்று கண்டுபிடித்து, புதிய சிப் ஒன்றை வாங்கிப் பொருத்துவார். அதுவும் சில நிமிடங்களில் போய்விடும். இன்னொன்று வாங்குவார், அதுவும் போகும். அவர் கண்டது உண்மையான பழுதுதான். ஆனால் அந்தப் பழுதை உண்டாக்கிய பழுதை அவர் தேடவில்லை. பொறுமைசாலி முதலில் மூன்று வோல்ற்றளவுகளையும் அளந்து, திரான்சிற்றரைச் சரிசெய்து, மின்சாரம் சீரான பின்னரே சிப்பில் கை வைப்பார்.

எட்டில் எந்தச் சிப் என்பதையும் குருட்டுத்தனமாகத் தேட வேண்டியதில்லை. ஒரு பைற்றில் எட்டு பிற்றுகள் உண்டு. ஸ்பெக்ட்ரமில் ஒவ்வொரு பிற்றையும் ஒவ்வொரு சிப் சுமக்கிறது. நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதி அதையே திரும்ப வாசித்துப் பார்த்தால், எந்த பிற் மாறி வருகிறதோ அதற்குரிய சிப்பில் சந்தேகம் விழுகிறது. கொமடோருக்கென ஒரு பரிசோதனைக் காட்ரிஜ் இருக்கிறது. அதைச் செருகினால், திரை எத்தனை தடவை மின்னுகிறது என்பதை எண்ணியே பழுதான சிப்பை அடையாளம் காணலாம். துவித எண்களை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் 00000100 என்ற எண் ‘மூன்றாவது பிற்றின் சிப்பைக் கழற்று’ என்று எனக்குக் கட்டளையிடும் என்பதை எந்த வினாத்தாளும் எனக்குச் சொன்னதில்லை.

இந்த ஆர்வலர்களிடையே ஒரு பழைய விவாதம் உண்டு. பழைய கணினி ஒன்று வந்தவுடன் அதிலுள்ள எல்லாக் கொள்ளளவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டும் என்பர் ஒரு சாரார். பழுதானதை மட்டும் கண்டறிந்து மாற்ற வேண்டும் என்பர் மறு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதற் கட்சியிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய மக்கின்டொஷ் கணினிகள் பலவற்றில் கொள்ளளவிகளிலிருந்து திரவம் கசிந்து பலகையை அரிக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அங்கே அவை அனைத்தையும் மாற்றுவதுதான் புத்தி. ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினால் அது வைத்தியம். தெரியாமல் மாற்றினால், கணினி தற்செயலாக இயங்கினாலும் மாற்றியவர் எதையும் கற்றிருக்க மாட்டார்.

இன்னொரு கேள்வியும் வரும். இந்தப் பழைய கணினிகள் செய்த அனைத்தையும் செய்துகாட்டும் மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றனவே, பிறகு ஏன் இந்தப் பாடு? விளையாட்டு மட்டும் வேண்டுமென்றால் மென்பொருளே போதும். ஆனால் அதில் எதுவும் துருப்பிடிக்காது, எதுவும் கசியாது. எனவே தேடுவதற்கும் அங்கே எதுவுமில்லை.

கசிவு என்றதும் என் இரசாயனவியல் பாடம் நினைவுக்கு வருகிறது. அமிகா 500 பிளஸ் என்ற கணினியின் பலகையில் நேரத்தைக் காப்பதற்கென ஒரு சிறு பற்றரி பற்றாசு பிடிக்கப்பட்டிருக்கும். வருடங்கள் செல்ல அது கசிந்து செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். வெளிவருவது காரம். ஆகவே திருத்துவோர் முதலில் பற்றரியை அகற்றிவிட்டு, வினாகிரியால் துடைத்து நடுநிலையாக்குகிறார்கள். பிறகு நன்கு கழுவி உலர்த்துகிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று நாம் தரம் ஒன்பதிலோ பத்திலோ பாடமாக்கியதுதான். அந்த வரிக்கு இப்படியொரு வேலை இருக்கிறது என்று அறிந்த அன்று அது எனக்குப் புதிய வரியாகத் தெரிந்தது.

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். பௌதிகவியலில் இலத்திரனியல் என்று ஓர் அலகு இருக்கிறது. தருக்கப் படலைகளுக்கு உண்மை அட்டவணை எழுதுவோம். திரான்சிற்றரின் வரைபைக் கீறுவோம். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து, கேள்வியின் முதல் வரியிலேயே விடையின் கடைசி வரி தெரியுமளவுக்குப் பழகிவிடுகிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால் பரீட்சைக் கேள்வியில் தேவையான தரவுகள் எல்லாம் தரப்பட்டிருக்கும். விடை ஒன்று உண்டு என்ற உறுதியும் இருக்கும். பழுதான இயந்திரம் எந்தத் தரவையும் தானாகத் தராது. எதை அளக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். அளந்தது நம் எண்ணத்துக்கு மாறாக இருந்தால் எண்ணத்தைத்தான் கைவிட வேண்டும். நாளை நாம் வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம், ஆசிரியையாகலாம். எங்கே போனாலும் நம் முன்னால் வருவது தரவு தரப்படாத கேள்விகள்தானே?

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. எங்கள் வீட்டில் பழைய வானொலி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், “பொம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு மகள்?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். என் தம்பி அதே வானொலியைக் கழற்றியிருந்தால், “இவன் எஞ்சினியராத்தான் வருவான்” என்று சொல்லியிருப்பார். அவருக்கு நான் அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். ஸ்பெக்ட்ரம் கணினிகள் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில், டைமெக்ஸ் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இன்று ஆண்களின் பொழுதுபோக்காகப் பேசப்படும் அந்தப் பலகைகள் பலவும் பெண்களின் கைபட்டுப் பிறந்தவை. கட்டுவதற்குத் தகுந்த கை, கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் எப்படித் தகாததாகும்?

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. முதலாவது அச்சம் மின்சாரம். அது நியாயமான அச்சம். பழைய மின்வழங்கிகளிலும் குழாய்த் திரைகளிலும் ஆளியை நிறுத்திய பின்னரும் ஆபத்தான மின் தங்கியிருக்கும். அவற்றை அனுபவசாலிகள் மட்டுமே தொட வேண்டும். மாமா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னது இது. ஆனால் பற்றரியில் இயங்கும் சுவர்க்கடிகாரமும் பழைய கணிப்பானும் தொலைக்காட்சியின் ரிமோட்டும் அப்படியல்ல. தொடங்குவதற்கு அவை போதும். பற்றரி இருக்கிறதா, அதன் வோல்ற்றளவு என்ன, முனையில் துரு இருக்கிறதா, அடுத்து எங்கே என்ற கேள்வி வரிசை சிறிய பொருளிலும் பெரிய பொருளிலும் ஒன்றுதான். இரண்டாவது அச்சம் படிப்பு கெட்டுவிடும் என்பது. மாதத்தில் ஒரு பிற்பகல் எந்தப் படிப்பையும் கெடுக்காது. வாப்பா அதற்கு உடன்பட்டார்; உம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விடயம், எமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் எமது நாட்டில் வாழ்ந்தவர். 1980களின் தொடக்கத்தில் அவர் கொழும்பிலிருந்து, தன் நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்த அமெரிக்க இயக்குநர் பீற்றர் ஹயம்ஸுடன் தொலைபேசி இணைப்பின் வழியே கணினிக் கடிதங்கள் பரிமாறினார். இருவரும் பயன்படுத்தியது கேப்ரோ என்ற கணினி. ஸ்பெக்ட்ரமில் இருந்த அதே இசட் 80 வகைச் செயலிதான் அதிலும். மின்னஞ்சல் என்ற சொல்லே இங்கு பலருக்கும் தெரியாத காலத்தில், இந்த மண்ணிலிருந்து போன கடிதங்கள் அவை. இந்த வரலாற்றில் எமது ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. அலுவலகக் களஞ்சியங்களிலும் வீட்டு மூலைகளிலும் பொலித்தீன் சுற்றிக் கிடக்கும் பழைய இயந்திரங்களை இந்தக் கடற்காற்றும் ஈரமும் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கின்றன. பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னர் ஒருமுறை திறந்து பார்க்கலாமே.

பாடசாலை நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது பெரிய செலவான காரியமல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு மேசை. ஒரு பல்மானி. நான்கைந்து திருப்புளிகள். வீடுகளிலிருந்து வரும் இயங்காத சிறு பொருட்கள். அருகில் ஓர் ஆசிரியை. மாதத்தில் ஒரு நாள். எத்தனை பொருள் இயங்கத் தொடங்கியது என்று யாரும் கணக்கெடுக்க வேண்டாம். ஒவ்வொரு மாணவியும் தன் பொருளில் எதைச் சந்தேகித்தாள், எதை அளந்தாள், எதை விலக்கினாள் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும்.

தோழியரே, அடுத்த முறை வீட்டில் ஏதாவது இயங்காமற் போனால், “புதுசு வாங்குவோம்” என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். பழுது எங்கே? அதற்கு முதலில் வரும் விடையோடு நின்றுவிடாமல், அதற்கு முந்தியது எது என்றும் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை அப்படிக் கேட்கும்போது அவள் கையிலிருக்கும் திருப்புளியை வாங்கி வைத்துவிடாதீர்கள்.