கைப்பிடி அரிசியை எந்தப் படத்தில் காட்டுவது?

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தேன். பிறந்த ஊர் என்றால் வயசு எழுபது ஆனாலும் காலில் ஒரு துள்ளல் வந்துவிடுகிறது, என்ன செய்ய! பராசக்தி மாரியம்மனைக் கும்பிட்டு, பொருட்காட்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, ராத்திரி எண்ணெய் பரோட்டா வேண்டும் என்று அடம் பிடித்த பிள்ளைகளை மிரட்டி, கடைசியில் நானும் அதில் பாதியைத் தின்று... வழக்கமான சங்கதிகள்தான்.

இந்தத் தடவை அண்ணன் பேத்தி ஒரு புதுக் காரியத்தோடு வந்திருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கல்லூரியில் ஏதோ செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்களாம். "சின்ன ஆச்சி, நம்ம ஊரை நடந்து சுத்திப் பாக்குறதுக்கு ஒண்ணு செய்யப் போறேன். கைடு வேண்டாம், புஸ்தகம் வேண்டாம். போனைத் தூக்கிப் பிடிச்சா, அந்த இடத்துல அந்தக் காலத்துல என்ன இருந்துச்சோ அது தெரியும்" என்றாள்.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களில் சிலருக்கும் அப்படி இருக்கலாம். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். எம்ப்ராய்டரி டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து புடவைத் தலைப்பின் மேல் வைத்துப் பார்ப்போம் இல்லையா? கீழே துணியும் தெரியும், மேலே கோடும் தெரியும். அதே சமாசாரம்தான். போனின் காமிரா வழியாகத் தெருவைப் பார்க்கிறோம். அந்தத் தெருவின் மேலேயே பழைய படம் ஒன்று வந்து உட்காருகிறது. நாம் நிற்கும் இடத்தை வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு போன் தெரிந்து கொள்கிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதை உள்ளே இருக்கும் திசைகாட்டி சொல்லி விடுகிறது. ஆக்மெண்டட் ரியாலிட்டி என்று பெயராம். தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். லண்டன் அருங்காட்சியகம் ஒன்று 2010-லேயே 'ஸ்ட்ரீட்மியூசியம்' என்று இப்படி ஒன்றை வெளியிட்டு, அந்த ஊர்த் தெருக்களின் மேல் பழைய படங்களைக் காட்டியது. லண்டனுக்கு உண்டு என்றால் விருதுபட்டிக்கு ஏன் கூடாது?

விருதுபட்டி என்பதுதான் எங்கள் ஊரின் பழைய பெயர். பல விருதுகளைச் சுமந்து கொண்டு சவால் விட்டு வந்த ஒரு வீரனை இங்கே வெட்டிச் சாய்த்தார்கள், அதனால் விருதுவெட்டி, அது விருதுபட்டி ஆயிற்று என்று கதை. விருதுநகர் ஆனது 1923-ல். வெட்டுக்குத்தில் பிறந்த பெயரா என்று பேத்திக்கு ஒரே குஷி!

மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்கள் எட்டரைக்கு மேல் சும்மா சுற்ற மாட்டார்கள். என் மதினிக்கு எண்பத்திரண்டு வயசு, சர்க்கரை வேறு. "எனக்கு மட்டும் காலு இல்லையாக்கும்? நானும் வாறேன்" என்று செருப்பை மாட்டிக் கொண்டு வாசலில் நின்று விட்டார்கள். பையில் தண்ணீரும் நாலு பிஸ்கட்டும் எடுத்துக் கொண்டேன். சர்க்கரைக்காரர்களை வெறும் வயிற்றோடு நடக்க விடாதீர்கள். இன்னொன்று, போனைப் பார்த்துக் கொண்டே நடக்காதீர்கள். நின்று பார்க்க வேண்டும், பையில் போட்டு விட்டு நடக்க வேண்டும். முதல் தெருவிலேயே நான் சாக்கடையில் கால் வைக்கப் பார்த்தேன்.

முதலில் சுலோசன நாடார் தெருவில் காமராஜர் வீடு. 1903 ஜூலை 15-ல் பிறந்தவர் வளர்ந்த வீடு. அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும், "இவ்வளவு சின்ன வீடா!" என்றுதான் சொல்கிறார்கள். அவர் முதல்மந்திரியாக இருந்தபோது தாயார் சிவகாமி அம்மாளுக்காக வீட்டுக்குள் தனியாக ஒரு குழாய் போட்டார்களாம். தெருவில் எல்லோரும் பொதுக் குழாயில் பிடிக்கும்போது என் வீட்டுக்கு மட்டும் என்ன என்று அதை எடுக்கச் சொல்லி விட்டார் என்பார்கள். மேடையில் இதைச் சொல்லும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் இடுப்பில் குடம் சுமந்தவள் என்பதால், அந்த அம்மாள் மறுநாள் காலையில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றும் யோசிப்பேன். பேத்தி இந்தக் குழாயைப் படமாக வரைந்து சுவரில் தெரியும்படி வைக்கப் போகிறாளாம். "குடத்தையும் சேத்து வரை தாயி" என்றார்கள் மதினி.

அங்கிருந்து தேசபந்து மைதானம். தேசபந்து என்பது சி.ஆர். தாஸுக்கு வழங்கிய பட்டப் பெயர். இங்கேதான் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது முதலாக 12 கோரிக்கைகள். 1956 ஜூலை 27-ல் ஆரம்பித்தார். காங்கிரஸ்காரர், காந்தி பக்தர். அப்போது ஆண்டதும் காங்கிரஸ்தான். முதல்மந்திரி இதே ஊர்க்காரர். அண்ணா வந்து பார்த்தார். ஆனால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. முடிவில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அக்டோபர் 13-ல் உயிர் பிரிந்தது. 1967-ல் சட்டசபையில் தீர்மானம் வந்து, 1969 ஜனவரி 14-ல் பெயர் மாறியது.

இந்தத் தேதிகள் எல்லாம் பேத்தியிடம் ஏற்கெனவே இருந்தன. மதினி பேசாமல் மைதானத்தையே பார்த்துக் கொண்டிருந்தவர்கள் திடீரென்று, "நான் பாத்திருக்கேன்" என்றார்கள். எங்கள் வீட்டுக்கு வாழ வந்து அறுபது வருஷம் ஆகிறது. எனக்கே இது தெரியாது!

"அப்ப எனக்குப் பதிமூணு வயசிருக்கும். எங்கய்யா கையைப் பிடிச்சிட்டு வந்தேன். ரொம்ப மெலிஞ்சு, படுத்திருந்தாரு. கூட்டம் நின்னுச்சு, ஆனா யாரும் சத்தமாப் பேசல. எனக்குப் பயமாப் போச்சு. வீட்டுக்கு வந்தா ஆத்தா சோத்தைப் போட்டு வச்சிருக்கா. இறங்கல. ஏன்டி திங்கலேன்னு கேட்டா, சொல்லத் தெரியல."

பேத்தி போனை நீட்டி எல்லாவற்றையும் பதிவு செய்து கொண்டாள். அப்புறம்தான் சிக்கல். "எந்த இடத்துல ஆச்சி? சரியாச் சொல்லுங்க" என்றாள். மதினி ஒரு மூலையைக் காட்டினார்கள். டீக்கடை வாசலில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "அங்கிட்டு இல்லம்மா, இங்கிட்டு" என்று எதிர் மூலையைக் காட்டினார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. பேத்திக்கு அழுகை வராத குறை. மெஷினுக்கு ஒரே இடம்தான் வேண்டுமாம். அந்த மெஷினே நாலைந்து மீட்டர் முன்பின் காட்டும், ஒடுக்கமான சந்துகளில் இன்னும் கூடத் தவறும் என்று அவளே சொன்னவள்தானே! "ரெண்டு மூலையிலும் ரெண்டு பேர் குரலையும் வை. கேக்கிறவங்க கேட்டுக்கட்டும்" என்றேன்.

இந்த ஊரில் காமராஜரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர் சங்கரலிங்கனாரைச் சொல்லாமல் தாண்டி விடுவார்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குழாய்க் கதையைத் தாண்டி விடுவார்கள். 1967 தேர்தலில் இதே ஊர் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தது. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றி விடுவார்கள். பேத்தி எதையும் தாண்டாமல் வைத்திருக்கிறாள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

தெப்பக்குளம், பஜார், பருப்பு மிளகாய் வற்றல் கடைகள் எல்லாவற்றையும் சுற்றி, தும்மிக் கொண்டே சத்திரிய வித்யாசாலைக்கு வந்தோம். எட்டு மணி ஆகி விட்டது. 1880-களில் ஆரம்பித்த பள்ளிக்கூடம். காமராஜர் படித்ததும் இங்கேதான். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து ஊர்ப் பொதுக் காரியங்களை நடத்தினார்கள். அது கணக்குப் புத்தகத்தில் இருக்கும். இன்னொரு பக்கம் பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் போட்டு வைப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். அந்த அரிசியை விற்ற காசு பிள்ளைகளின் படிப்புக்கு.

என் ஆச்சி இதைச் சொல்லும்போது கையைக் குவித்துக் காட்டுவாள். "அளந்து போட்டவ யாரு? வீட்டுல அரிசி குறைச்சலா இருந்தாலும் அந்தப் பிடி போயிரும்" என்பாள். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. பேர் எழுதத் தெரியாது. எங்கள் ஊரில் பெண்களுக்கென்று வன்னியப்பெருமாள் கல்லூரி வந்தது 1962-ல்தான்.

"பிரமாதம்! இதுக்குப் படம் வேணும் சின்ன ஆச்சி" என்று குதித்தாள் பேத்தி. எங்கே போக? வீட்டுக்கு வந்து பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். இருந்த படங்களில் பாதி, போன தடவை வெள்ளையடிக்கும்போது குப்பையோடு போய் விட்டனவாம். யார் போட்டது என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீதியில் கோட்டும் தலைப்பாகையுமாக ஆண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஒரு எழுத்துக் கிடையாது. பொம்பளைகள் கல்யாணப் படத்தில் ஓரமாக இருக்கிறார்கள். அரிசிப் பானையை யார் போட்டோ எடுத்தார்கள்?

நடுவில் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பழைய படங்கள் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பின்பக்கம் இடமிருந்து வலமாகப் பேர், ஊர், வருஷம் எழுதி விடுங்கள். மெதுவான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். பிறகு படத்தோடு தோலும் உரிந்து வரும். போனில் படம் பிடிப்பதானால் வெயில் நேரே விழாத வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல்.

அடுத்த நாள் சிவகாசி. அங்கேயும் ஒரு டூர் செய்யலாமா என்று பார்க்க அவளுக்கு ஆசை. அங்கே கதைக்குப் பஞ்சமில்லை. காசியிலிருந்து பாண்டிய ராஜா கொண்டு வந்த லிங்கம் நின்று போன இடம் என்று காசி விஸ்வநாதர் கோயில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது. தீப்பெட்டி லேபிளில் தொடங்கி, காலண்டர் அச்சடிக்கும் ஊராகவே ஆனது. பட்டாசு ஆலைக்குள் மட்டும் இந்த டூர் போக முடியாது. மருந்து புழங்கும் இடத்தில் போனுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

சொந்தக்கார வீட்டில் ஒரு பாட்டி. சின்ன வயசிலிருந்து தீப்பெட்டி ஒட்டியவர்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. "எப்படி ஆச்சி ஒட்டுவீங்க?" என்று பேத்தி கேட்டதும், பெட்டியும் இல்லை, பசையும் இல்லை, அந்தக் கை தானாக ஓட ஆரம்பித்து விட்டது. மடிப்பு, தடவல், ஒட்டல், தள்ளல். விரல் நுனி எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பள்ளிக்கூடம் போனீர்களா என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. இந்தச் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், குழந்தையை ஆபத்தான வேலைக்கு வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பேத்தி அந்தக் கையை மட்டும் வீடியோ எடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், "ஆச்சி, உங்க கையை மட்டும் எடுத்துக்கிடட்டுமா? முகம் வேண்டாம்" என்றாள். பள்ளிக்கூட வாசலில் போனைத் தூக்கினால், ஒரு கை அரிசியை அள்ளிப் பானையில் போடுவது தெரிய வேண்டுமாம். "பழைய படம்னு போட்டா அது பொய்யாயிரும். இந்த வருஷம் எடுத்தது, நடிச்சுக் காட்டினதுன்னு கீழே எழுது" என்றேன். சரி என்றாள்.

மதினிக்கு வெட்கம். வளையலைத் தள்ளி விட்டுக் கொண்டார்கள், கையைத் துடைத்துக் கொண்டார்கள். முதல் தடவை பாதி அரிசி கீழே. இரண்டாம் தடவை பேத்தியின் நிழல் விழுந்து விட்டது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. "போதுமா? இன்னும் எத்தனை பிடி அள்ள?" என்று கேட்டுக் கொண்டே, சிந்தியதைப் பொறுக்கி எடுத்துக் களைந்து, ராத்திரிச் சோற்றுக்கு உலையில் போட்டு விட்டார்கள்.