இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்.” இச்சொல்லைக் கேட்டு இடிந்துபோன குடும்பங்கள் எத்தனையோ! ஆயின், நோய் தீராது என்பதும், நோயாளிக்குச் செய்யத்தக்கது யாதுமில்லை என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டையே இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்கின்றோம்.

இதனை உலகுக்குச் செயலிற் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். தாதியாகத் தொடங்கி, வைத்தியசாலைச் சமூகசேவையாளராகி, 1957ஆம் ஆண்டில் வைத்தியராகவும் தேறியவர் அவர். 1948இல், புற்றுநோயால் இறந்த போலந்து அகதி ஒருவர், அம்மையாருக்கு 500 பவுணை விட்டுச் சென்றார். இறக்கும் தறுவாயில் உள்ளோர் அமைதியாய் இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசியிருந்தனர். அப்பேச்சு 1967இல் இலண்டன் நகரிலே சென் கிறிஸ்தோபர் இல்லமாக உருப்பெற்றது. ‘ஹொஸ்பிஸ்’ என இன்று பல நாடுகளிலும் வழங்கும் நிலையங்களுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

அங்கு நடந்தது யாது? வலி பொறுக்க முடியாமல் நோயாளி கதறிய பின்னரே மருந்து கொடுப்பது முன்னைய வழக்கம். அம்மையாரோ, முன் கொடுத்த மருந்தின் பலன் குறையுமுன்னரே, குறித்த வேளைதோறும் மோர்பின் கொடுக்கச் செய்தார். வலியை எதிர்நோக்கி அஞ்சும் அச்சம் அதனால் நீங்கிற்று. உடல்நோவு மாத்திரமன்றி, மனத்துயரும் குடும்பக் கவலையும் ஆன்ம வேதனையும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்பது அவர் கண்ட உண்மை.

“மோர்பின் தொடங்கினால் ஆள் விரைவிற் போய்விடுவார்” என்பர் நம்மவர். வைத்தியர் அளவறிந்து, படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மருந்து உயிரைப் பறிப்பதில்லை. பொஸ்டன் நகரில், முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சையோடு நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. மற்றையோரிலும் ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாக அவர்கள் வாழ்ந்தும் இருந்தனர்.

இனிக் குடும்பத்தைப் பார்ப்போம். நம் வீடுகளிலே மகளோ மருமகளோ இரவிரவாக விழித்திருக்கின்றாள். ஒவ்வொரு முனகலுக்கும் நடுங்குகின்றாள். படுக்கைப்புண் வராமல் எவ்வாறு திருப்பிப் படுக்கவைப்பது, விழுங்க முடியாதவரின் வாயை எவ்வாறு ஈரமாக வைத்திருப்பது என்று அவளுக்குக் கற்பிப்பார் இருந்தால், அவ்வச்சம் பாதியாகும். காவலாளியாய் இருந்தவள் மீண்டும் மகளாகித் தாயின் கையைப் பிடித்து அமர்ந்திருப்பாள்.

இதற்குக் கட்டடம் இன்றியமையாததன்று. சென் கிறிஸ்தோபர் இல்லம் 1969இலேயே நோயாளரின் வீடுகளுக்குச் சென்று உதவும் சேவையைத் தொடங்கியது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய இயக்கத்திலே அயலவரே தொண்டர்களாயினர். நம் நாட்டில், மகரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் உண்டு. இத்தகைய இல்லத்தில் தாயைச் சேர்த்தால் “கைவிட்டுவிட்டார்கள்” என்று ஊர் சொல்லும். வலியோடு வீட்டில் வைத்திருப்பதா, வலி தணிய இல்லத்தில் வைத்து அருகிருப்பதா, எது கைவிடுதல்?

மற்றுமொன்று. நோயை நோயாளிக்கு மறைப்பது நம் வழக்கம். அவரோ அறிந்தும் அறியாதார்போல் இருக்கின்றார். இப்பொய்யினிடையே, பேசாதிருந்த தம்பியை அழைத்தல், பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லுதல் யாவும் நின்றுபோகின்றன. நோயாளி கேட்கும் அளவுக்கு, அவர் தாங்கும் வேகத்தில் உண்மையைச் சொல்லுதலும் இப்பராமரிப்பின் ஒரு பகுதியே.

ஆதலின், “ஒன்றுமில்லை” என்ற சொல் கேட்டு வெளியேறுமுன், வைத்தியரிடம் மூன்றைக் கேளுங்கள்: வலிக்கு என்ன கொடுக்கலாம்? வீட்டில் எவ்வாறு பராமரிப்பது? நள்ளிரவில் மூச்சுத்திணறினால் யாரை அழைப்பது? இவற்றை நோய் முற்றுமுன்னரே கேட்பது இன்னும் நன்று. பிரிவுத் துயரை எவராலும் நீக்கல் ஆகாது. வீண் வேதனையை நீக்கல் ஆகும்.